ஹாம்பர்கரில் எதை வைப்பது? டாப்பிங்ஸ் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பர்கர் கடை கவுன்ட்டரில் நிற்கிறீர்கள். "வாட் வுட் யூ லைக் ஆன் இட்?" என்று கேட்கிறார் ஆர்டர் எடுப்பவர். பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். தலைக்கு மேலே உள்ள பலகையில் பதினைந்து பெயர்கள். அந்த நேரத்தில் புதிதாக அமெரிக்காவுக்கு வந்த யாருக்கும் வாயில் வருவது "எவ்ரிதிங்" என்ற சொல்தான். டெக்சாஸுக்கு வந்த முதல் மாதம் நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டு கடி கடிப்பதற்குள் அடிப் பன் ஊறிப் பிய்ந்தது, தக்காளி நழுவியது, சாஸ் மணிக்கட்டு வரை வழிந்தது. அதைவிட வருத்தம், கடைசிவரை எது என்ன சுவை என்றே தெரியவில்லை. அடுத்த முறை எதைக் கேட்பது, எதை விடுவது என்பதற்கு அந்தப் பர்கரிலிருந்து எனக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

சமீபத்தில் ஆர்லிங்டனுக்குப் படிக்க வந்த என் அக்கா மகன், கடை வாசலிலேயே கேட்டான்: "மாமா, எல்லாத்தையும் போடச் சொன்னா என்ன? காசு ஒண்ணுதானே?" நியாயமான கேள்வி. பல கடைகளில் டாப்பிங்ஸுக்குத் தனிக் காசு கிடையாது. "போடலாம்டா, ஆனா உனக்கு எது பிடிச்சதுன்னு கடைசிவரைக்கும் தெரியாது" என்றேன். அன்று அவனுக்குச் சொன்ன முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மிகக் குறைவாகத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது, அந்தப் பொருள் பர்கருக்குள் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள்.

முதலில், நடுவில் இருப்பது என்ன?

பெயரில் ஹாம் இருந்தாலும் ஹாம்பர்கரில் பன்றிக்கறி கிடையாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் உள்ளே இருப்பது மாட்டுக்கறிதான். கொத்திய கறியை வட்டமாகத் தட்டிக் கல்லிலோ தணலிலோ சுட்டதைப் பேட்டி என்கிறார்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் வான்கோழி, கோழி, பிளாக் பீன் (கறுப்பு பீன்ஸ்), அல்லது இம்பாசிபிள், பியாண்ட் போன்ற நிறுவனங்களின் தாவரப் பேட்டிகளைக் கேட்கலாம். சைவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல கடைகளில் தாவரப் பேட்டியையும் கறியையும் ஒரே கல்லில்தான் சுடுவார்கள். சில பிளாக் பீன் பேட்டிகளில் முட்டை சேர்ந்திருக்கும். மயோனைஸிலும் முட்டை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்களுக்கு இது தினமும் வருகிற கேள்வி. ஹலால் பார்ப்பவர்களுக்குப் பெரிய நகரங்களில் ஹலால் பர்கர் கடைகளே தனியாக இருக்கின்றன.

நடுவில் இருப்பதைப் பொறுத்துத்தான் மேலே வைப்பது அமைய வேண்டும். பர்கருக்கென்று விற்கும் மாட்டுக்கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. பாக்கெட்டில் 80/20 என்று போட்டிருக்கும். அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்துகொள்ளும், அதை வெட்டப் புளிப்பு வேண்டும். பிக்கிளும் கடுகு சாஸும் பர்கரில் செய்யும் வேலை அதுதான். வான்கோழிக்கும் பிளாக் பீனுக்கும் நிலைமை நேர் எதிர். அவை உலர்ந்தவை. அவற்றுக்கு மயோனைஸ், அவகாடோ, உருகிய சீஸ் என்று ஈரமும் கொழுப்பும் தேவை. மாட்டுக்கறிப் பர்கருக்கு ஒருவர் சொன்ன டாப்பிங்ஸை அப்படியே வான்கோழிப் பர்கரில் போட்டுவிட்டு "வறட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பர்கர்: மூன்றே மூன்று பொருள்

முதல் தடவை வெங்காயம், பிக்கிள், மஸ்டர்ட் என்கிற மஞ்சள் கடுகு சாஸ், இவை மட்டும். சீஸ் பிடிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தால் ஒரு துண்டு சீஸ். அவ்வளவுதான். தக்காளி வேண்டாம், லெட்யூஸ் என்கிற சாலட் இலை வேண்டாம், மயோனைஸும் வேண்டாம். மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பன், கறி, புளிப்பு, வெங்காயத்தின் சுருக் என்ற காரம் நான்கும் தனித்தனியாக நாக்கில் தெரியும். மெக்டொனால்ட்ஸின் சாதாரண ஹாம்பர்கர் பெரும்பாலான ஊர்களில் ஏறக்குறைய இதே அமைப்புதான். கூடவே கெட்சப் இருக்கும். குறைந்த செலவில் பழக அது நல்ல இடம்.

இவ்வளவு குறைவாக வைப்பது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் லூயிஸ் லஞ்ச் என்ற சிறு கடை இருக்கிறது. 1900ஆம் ஆண்டு தாங்களே முதல் ஹாம்பர்கரை விற்றதாகச் சொல்கிறார்கள். வேறு சில ஊர்களும் அதே உரிமையைக் கோருகின்றன. லூயிஸ் லஞ்சில் இன்றும் பன்னுக்குப் பதில் டோஸ்ட் செய்த ரொட்டிதான். கூட சீஸ், தக்காளி, வெங்காயம் கிடைக்கும். கெட்சப், மஸ்டர்ட், மயோனைஸ் கேட்டால் கிடையாது. கறி நன்றாக இருந்தால் மேலே அதிகம் தேவைப்படாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிக்கிள்: நம் ஊறுகாய் அல்ல

பிக்கிள் என்றதும் ஆவக்காயும் எலுமிச்சை ஊறுகாயும் மனதில் வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பிக்கிள் என்றால் வெள்ளரிக்காயை உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்து வட்டமாக நறுக்கியது. எண்ணெய் இல்லை, மிளகாய்த் தூள் இல்லை. கடையில் இரண்டு வகை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டில் பிக்கிள் புளிப்பும் உப்புமானது; சதகுப்பை இலையின் மணம் வரும். கோஷர் டில் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பூண்டும் சேர்ந்திருக்கும். பிரெட் அண்ட் பட்டர் பிக்கிளில் ரொட்டியோ வெண்ணெயோ இல்லை. அது சர்க்கரை போட்ட இனிப்பு பிக்கிள். பெயர் பார்க்காமல் வாங்கிவந்து, பிக்கிள் என்றாலே இனிப்பு என்று முடிவு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

மாட்டுக்கறியோடு போக டில்தான் சரி என்பது என் திடமான கருத்து. கெட்சப்பிலேயே போதுமான இனிப்பு இருக்கிறது. இனிப்புப் பிக்கிளும் சேர்ந்தால் பர்கர் பலகாரமாகிவிடும். மூன்று அல்லது நான்கு வில்லைகள் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பரப்பி வையுங்கள், ஒவ்வொரு கடியிலும் ஒரு வில்லை வரும்படி. வில்லைகளை ஒரு பேப்பர் டவலில் ஒற்றி எடுத்து வைத்தால் பன் ஊறாது.

வெங்காயம்: நேரம் செலவிட வேண்டிய இடம்

ஒரே ஒரு டாப்பிங்கைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் வெங்காயத்தைத்தான் எடுப்பேன். பச்சையாக ஒரு சுவை, வதக்கினால் வேறு சுவை, கறியோடு சேர்த்து நசுக்கிச் சுட்டால் இன்னொரு சுவை. இந்த மூன்றையும் தனித்தனி நாளில் சாப்பிட்டுப் பாருங்கள்.

பச்சை வெங்காயம் என்றால் மெல்லிய வளையமாக வேண்டும். தடியாக நறுக்கினால் கடிக்கும்போது முழு வளையமும் பல்லோடு வெளியே வந்துவிடும். காரம் அதிகமாகத் தெரிந்தால் நறுக்கியதைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டு வடியுங்கள். கண்ணைக் கரிக்கும் காட்டம் தண்ணீரோடு போய்விடும், மொறுமொறுப்பு தங்கும். காட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு இனிப்பு வெங்காயம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் விடாலியா வெங்காயம் கந்தகம் குறைந்த மண்ணில் விளைவதால் அவ்வளவு மென்மை. எங்கள் டெக்சாஸில் 1015 என்று எண்ணையே பெயராகக் கொண்ட வெங்காயம் உண்டு. அக்டோபர் 15ஆம் தேதி விதைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். வசந்தத்தில் அது கடைக்கு வரும்போது பர்கர் சுடாமல் இருக்க எனக்கு முடியாது.

வதக்கிய வெங்காயத்தைக் கடையில் க்ரில்ட் ஆனியன் என்று கேட்க வேண்டும். வெறும் ஆனியன் என்றால் பச்சை வெங்காயம் வந்துவிடும். வதக்கியது இனிப்பாகவும் மெத்தென்றும் இருக்கும். சீஸோடு நன்றாகச் சேரும், உலர்ந்த வான்கோழிப் பேட்டிக்கு ஈரம் தரும்.

மூன்றாவது வகைக்கு நான் ஒக்லஹோமாவைத்தான் காட்டுவேன். டாலஸிலிருந்து மூன்றரை மணி நேரம் காரில் போனால் எல் ரீனோ என்ற சிறு ஊர். 1920களில் கறி விலைக்குக் கட்டுப்படியாக, வெங்காயத்தைச் சேர்த்துப் பர்கரைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். வெங்காயத்தைக் காகிதம்போல் மெலிதாகச் சீவி, கறி உருண்டையின் மேல் ஒரு கைப்பிடி குவித்து, தோசைத் திருப்பி போன்ற தட்டைக் கரண்டியால் ஓங்கி அழுத்துவார்கள். திருப்பிப் போட்டதும் வெங்காயம் கறியின் கொழுப்பிலேயே வெந்து, ஓரங்களில் கருகி, பேட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பன்னை அதன் மேலேயே வைத்து ஆவி ஏற்றுவார்கள். மஸ்டர்ட், பிக்கிள், வேறொன்றும் வேண்டாம். பஞ்சத்தில் பிறந்த அந்தப் பர்கருக்கு இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் ஊரே திருவிழா எடுக்கிறது. 1921இல் கான்சஸின் விச்சிட்டாவில் தொடங்கிய ஒயிட் காசிலும் வெங்காயத்தை நம்பிய கடைதான். நறுக்கிய வெங்காயத்தைக் கல்லில் பரப்பி, ஐந்து ஓட்டை போட்ட சிறிய சதுரப் பேட்டிகளை அதன்மேல் வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள்.

சீஸ்

விலை உயர்ந்த சீஸ்தான் நல்லது என்று நினைத்து நான் பல நாள் பழைய செடாரை வாங்கிப் போட்டேன். அது சூட்டில் எண்ணெய் கக்கி, திரிதிரியாகப் பிரிந்தது. பர்கருக்கு ஏற்றது அமெரிக்கன் சீஸ் என்று விற்கும் மஞ்சள் சதுரத் துண்டு. சிகாகோவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916இல் காப்புரிமை பெற்ற பதப்படுத்தும் முறையின் வழியில் வந்த பொருள். அதில் சேர்க்கும் சிட்ரேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் சாஸ்போல் வழவழவென்று உருகிக் கறியைப் போர்த்திக்கொள்ளும். தனியாகத் தின்ன அது அவ்வளவு சுவையில்லை என்பது உண்மை. பர்கரில் அதன் வேலை ஒட்டவைப்பதும் உப்பு சேர்ப்பதும்தான்; அந்த வேலையை அது போல் வேறெதுவும் செய்வதில்லை.

அது பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். மிளகாய்த் துண்டுகள் போட்ட பெப்பர் ஜாக் நம்மில் பலருக்கு உடனே பிடித்துவிடும். சுவிஸ் சீஸ் என்றால் வதக்கிய காளானோடு. இந்த ஊர்க்காரர்களுக்கு அது அசைக்க முடியாத ஜோடி. செடார் வேண்டும் என்றால் இளசாக, மைல்ட் என்று எழுதியதை வாங்குங்கள். புளூ சீஸின் வீச்சம் கடுமையானது. மற்ற டாப்பிங்ஸையெல்லாம் எடுத்துவிட்டு அதை மட்டும் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் பிடிக்குமா இல்லையா என்று தெரியும். எந்தச் சீஸானாலும் பேட்டி கல்லில் இருக்கும்போதே, கடைசி ஒரு நிமிடத்தில் மேலே வைத்து மூட வேண்டும். இறக்கிய பிறகு வைத்தால் உருகாது. மினியாபொலிஸில் சீஸைக் கறிக்குள்ளேயே வைத்து மூடிச் சுடுகிறார்கள், ஜூசி லூசி என்று பெயர். முதல் கடிக்கு முன் சில நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே கொதிக்கும் சீஸ் வாயைப் பொசுக்கிவிடும்.

சாஸில் ஒன்றைப் பிடியுங்கள்

மஸ்டர்ட், கெட்சப், மயோனைஸ். மூன்றுக்கும் மூன்று வேலை. மஸ்டர்ட் புளிப்பும் லேசான காரமும். அதன் மஞ்சள் நிறம் நம் சமையலறை மஞ்சள் தூளிலிருந்து வருவது. பிரெஞ்சஸ் நிறுவனம் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்த மஞ்சள் மஸ்டர்டை அறிமுகப்படுத்தியது. நாம் தாளிக்கும் கறுப்புக் கடுகின் சுள்ளென்ற காட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். வெளிர்நிறக் கடுகை வினிகரோடு அரைத்த மென்மையான சாஸ் இது.

கெட்சப்பில் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 4 கிராம் சர்க்கரை. அந்த இனிப்பு, சுட்ட கறியின் கருகலுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் சீக்கிரம் எல்லாவற்றையும் மூடிவிடும். மயோனைஸுக்குச் சுவையை விட முக்கியமான ஒரு வேலை உண்டு. எண்ணெய் மிகுந்ததால் பன்னின் உட்புறத்தில் தடவினால் கறிச்சாறு உள்ளே இறங்காமல் தடுக்கும்.

எந்தச் சாஸ் என்பதில் ஊருக்கு ஊர் பிடிவாதம் உண்டு. டெக்சாஸில் மஸ்டர்ட். 1950இல் கார்ப்பஸ் கிறிஸ்டியில் தொடங்கிய வாட்டபர்கரில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மஸ்டர்ட்தான் வரும். பர்கர் கிங்கின் வாப்பர் 1957இலிருந்து வருவது. அதில் மயோனைஸும் கெட்சப்பும். கலிஃபோர்னியாவின் இன்-என்-அவுட்டில் மயோனைஸ், கெட்சப், இனிப்புப் பிக்கிள் கலந்த மாதிரியான இளஞ்சிவப்பு சாஸ், ஸ்ப்ரெட் என்பார்கள். அங்கே அனிமல் ஸ்டைல் என்று கேட்டால் மஸ்டர்ட் தடவிச் சுட்ட பேட்டி, வதக்கிய வெங்காயம், பிக்கிள், கூடுதல் ஸ்ப்ரெட் எல்லாம் சேர்ந்து வரும். புதியவர்கள் ஒரு பர்கருக்கு ஒரு சாஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்ட பிறகு கலக்கலாம்.

லெட்யூஸ், தக்காளி

லெட்யூஸில் ஐஸ்பெர்க் வகையை வாங்குங்கள். அதற்குத் தனிச் சுவை குறைவு; மொறுமொறுப்புக்காகவும் குளிர்ச்சிக்காகவும்தான். கருகருவென்ற கீரைகள் சூட்டில் வதங்கிவிடும். தக்காளியைப் பருவத்தில் மட்டும் வையுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் நன்கு பழுத்த தக்காளிக்கு ஈடில்லை. ஜனவரியில் கிடைக்கும் வெளிறிய தக்காளி பர்கரில் தண்ணீரைத்தான் சேர்க்கும். தயங்காமல் விட்டுவிடுங்கள். அரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, உப்புத் தூவி, ஐந்து நிமிடம் பேப்பர் டவலில் வைத்தால் தக்காளியின் சுவை எழும்பும், நீரும் வடியும்.

காரம் வேண்டுமே

நம்மவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். பலகையில் ஜே எழுத்தில் தொடங்கும் ஹாலபீனோ இருக்கும். ஸ்பானியச் சொல் என்பதால் ஜே எழுத்தை ஹ என்று சொல்ல வேண்டும். நம் பச்சை மிளகாயை விடக் காரம் குறைவு. இதிலும் இரண்டு உண்டு. பச்சை ஹாலபீனோவில் காரமும் பச்சை வாசனையும், வினிகரில் ஊறியதில் காரத்தோடு புளிப்பும். ஊறியதைப் போட்டால் பிக்கிளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புளிப்பு இரட்டிப்பாகிவிடும்.

ஆனால் பர்கரில் மிளகாய் என்றால் உச்சம் நியூ மெக்சிகோதான். அந்த மாநிலத்தின் ஹாட்ச் பள்ளத்தாக்கில் விளையும் நீளமான பச்சை மிளகாயைத் தணலில் சுட்டு, கருகிய தோலை உரித்து, நறுக்கி, உருகிய சீஸின் மேல் குவிப்பார்கள். கிரீன் சிலி சீஸ்பர்கர் என்று பெயர். மாநிலச் சுற்றுலாத் துறை அந்தக் கடைகளை வரிசைப்படுத்தி ஒரு தடமே போட்டிருக்கிறது. சான் அன்டோனியோ என்ற சிற்றூரின் ஆவ்ல் பார் அதில் பெயர்பெற்றது. (டெக்சாஸில் இருக்கும் பெரிய நகரம் வேறு.) ஆகஸ்ட், செப்டம்பரில் டெக்சாஸ் சூப்பர் மார்க்கெட் வாசல்களில்கூட இரும்புக் கூண்டில் போட்டுச் சுழற்றி இந்த மிளகாயைச் சுடுவார்கள். கத்தரிக்காய் சுடுகிற மாதிரி அந்தப் புகை வாசனை எனக்கு வீட்டு நினைவைக் கொண்டுவரும். ஒரு பை வாங்கி, உரித்து, சிறு பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த கோடை வரை வரும்.

வேறு என்னென்னவோ

பேக்கன் பன்றிக்கறி, வேண்டாதவர்கள் பெயரைக் கவனமாகப் பாருங்கள். வதக்கிய காளான், அவகாடோ, ஓரம் முறுகப் பொரித்த முட்டை மூன்றும் தனியாகவே கனமானவை, ஒரு பர்கரில் ஒன்று போதும். ஹவாயில் அன்னாசியும் தெரியாக்கி சாஸும் வைப்பார்கள். மிசூரியின் செடேலியாவில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பர்கர் உருவானது. சூட்டில் இளகிக் கறியோடு சேரும்போது அது நன்றாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பீட்ரூட் துண்டு வழக்கம். இவற்றையெல்லாம் முதல் மாதத்தில் தொட வேண்டியதில்லை.

எது கீழே, எது மேலே

அடுக்கும் முறை தவறினால் சரியான டாப்பிங்ஸும் வீணாகும். பன்னின் உட்புறங்களை வெண்ணெய் தடவிக் கல்லில் பொன்னிறமாக வாட்டுங்கள். அடிப் பன்னில் மயோனைஸ் அல்லது வேறு சாஸ். அதன்மேல் லெட்யூஸ், கறிச்சாறு பன்னில் இறங்காமல் தாங்கிக்கொள்ளும். பிறகு சீஸ் உருகிய பேட்டி. வதக்கிய வெங்காயமோ மிளகாயோ சூடாக இருக்கும்போதே சீஸின்மேல் வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேலே தக்காளி, பிக்கிள், பச்சை வெங்காயம். மேல் பன்னில் மஸ்டர்ட். வழுக்கும் இரண்டு பொருளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். தக்காளிக்கு மேல் அவகாடோ வைத்தால் இரண்டும் வெளியே நழுவும். கையில் பிடித்து வாயில் நுழையாத உயரம் வந்துவிட்டால், ஏதோ ஒன்றை எடுக்க வேண்டும்.

கவுன்ட்டரில் என்ன சொல்வது

வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். வேண்டாததைச் சொல்ல "நோ மயோ", "நோ டொமேட்டோ" போதும். குறைவாக வேண்டும் என்றால் "லைட்", அதிகம் என்றால் "எக்ஸ்ட்ரா". சந்தேகமான எதையும் "ஆன் த சைட்" என்று சொல்லித் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள். புதியவர்களுக்கு இதைவிட உதவியான சொல் இல்லை. முதலில் அது இல்லாமல் இரண்டு கடி, பிறகு அதோடு இரண்டு கடி என்று ஒரே பர்கரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சில கடைகளின் வழக்கம் முன்பே தெரிந்தால் நல்லது. ஃபைவ் கைஸில் டாப்பிங்ஸுக்குத் தனிக் காசு இல்லை. சீஸும் பேக்கனும் மட்டும் பட்டியலிலேயே தனி விலையோடு இருக்கும். "ஆல் த வே" என்றால் மயோனைஸ், லெட்யூஸ், பிக்கிள், தக்காளி, வதக்கிய வெங்காயம், வதக்கிய காளான், கெட்சப், மஸ்டர்ட் எட்டும் வரும். அங்கே சாதாரணப் பர்கரில் இரண்டு பேட்டி. ஒன்று போதும் என்றால் "லிட்டில்" என்று சொல்ல வேண்டும். டாப்பிங்ஸைச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு லிட்டில்தான் சரி, கறி குறைவாக இருந்தால் மேலே வைத்தது தெளிவாகத் தெரியும்.

வீட்டில் ஒரு மாலை

கடையில் ஒவ்வொன்றாகப் பார்க்க மாதக்கணக்காகும். நான்கு நண்பர்கள் சேர்ந்தால் ஒரே மாலையில் முடியும். ஒரு ராத்தல் 80/20 கறியை எட்டாகப் பிரித்தால் சிறிய ஸ்லைடர் பேட்டிகள் எட்டு வரும், ஆளுக்கு இரண்டு. அதற்கேற்ற சின்னப் பன்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். கொத்திய மாட்டுக்கறியின் உட்புறம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும், வான்கோழிக்கும் கோழிக்கும் 74. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வெங்காயம், வதக்கிய வெங்காயம், டில் பிக்கிள், இனிப்பு பிக்கிள், ஹாலபீனோ, இரண்டு வகைச் சீஸ், மூன்று சாஸ், எல்லாவற்றையும் கிண்ணங்களில் வையுங்கள்.

முதல் ஸ்லைடரை எல்லோரும் ஒரே மாதிரி, வெங்காயம், டில், மஸ்டர்ட் மட்டும் வைத்துச் சாப்பிடுங்கள். இரண்டாவதில் ஆளுக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பாதியாக வெட்டிப் பகிர்ந்துகொள்ளுங்கள். பிடித்ததை உடனே ஃபோனில் குறித்துவிடுங்கள், மறுவாரம் நினைவிருக்காது. எங்கள் வீட்டு மாடியில் அப்படி இரண்டு மாலை உட்கார்ந்தோம். அக்கா மகனின் ஃபோனில் இப்போது ஒரே ஒரு வரி: வான்கோழி, பெப்பர் ஜாக், வதக்கிய வெங்காயம், டில், லைட் மயோ. கவுன்ட்டரில் அதை அப்படியே வாசித்துவிடுகிறான்.